நாணயத்தின் விலை நாளொன்றுக்கு 100 ரூபாயா?

நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம் உண்டு. கையில் எண்ணும் காசும் நாணயம்தான். சொன்ன சொல் தவறாத குணமும் நாணயம்தான். முதல் நாணயம் இல்லாதவன் கடன் வாங்கிக் கடை நடத்தலாம். இரண்டாவது நாணயம் போய்விட்டால் ஒரு நாள்கூட நடத்த முடியாது. கடைத்தெருவில் உட்கார்ந்து பிழைப்பவர் எவருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வத்தலக்குண்டையே எடுத்துக்கொள்வோம். கொடைக்கானல் மலைச்சாலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் இது. கீழ்மலையின் காப்பியும் மிளகும் மலைவாழையும், மேல்மலையின் பூண்டும் காய்கறியும் இறங்கி வருகிற வழி. மலையிலே பாடுபட்டவர் சரக்கை இறக்கிப் போட்டுவிட்டுப் போகிறார். வியாபாரி ஒரு துண்டுச் சீட்டில் எடையும் விலையும் எழுதித் தருகிறார். பணம் ஒரு வாரம் கழித்தோ இரண்டு வாரம் கழித்தோ வரும். லாரிக்காரர் வாடகையை அடுத்த நடைக்குத் தள்ளிப் போடுகிறார். சாக்கு விற்பவர் கணக்கில் எழுதிக்கொள்கிறார். சுமை தூக்கும் தொழிலாளி சனிக்கிழமை கூலிக்குக் காத்திருக்கிறார். இத்தனை பேரும் எந்தப் பத்திரத்தை நம்பி நிற்கிறார்கள்? பத்திரம் ஒன்றும் கிடையாது. "அவர் கொடுத்துவிடுவார்" என்ற ஒரு பேச்சுதான் ஆதாரம்.

அந்தப் பேச்சை ஒரு பாங்கு பொய்யாகக் கெடுத்துவிட்டால் என்ன ஆகும்? பணம் கட்டி முடித்தவரைப் பாக்கிதாரர் என்று எழுதிவிட்டால்? கணக்கில் பணம் இருக்கும்போதே "பணம் இல்லை" என்று செக்கைத் திருப்பிவிட்டால்? அந்த மனிதருக்கு என்ன நஷ்டஈடு? அதை யார் கணக்கிடுவது? எந்தக் கோர்ட்டில் கேட்பது?

இவை வக்கீல்களுக்கு மட்டும் உரிய கேள்விகள் அல்ல. சிறு வியாபாரியின் வாழ்வையும், அவரை நம்பியிருக்கும் விவசாயி, தொழிலாளியின் வாழ்வையும் தொடும் கேள்விகள்.

75 லட்சம் வந்தது, போனது

தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு வழக்கைப் பார்ப்போம். விளம்பரத் தொழில் நடத்தும் ஆட் பீரோ என்ற சென்னைக் கம்பெனி, 2014-ல் சென்ட்ரல் பாங்கு ஆப் இந்தியாவிடம் 10 கோடி ரூபாய் கடன் வாங்கியது. "கோச்சடையான்" படத்தின் இறுதிக் கட்ட வேலைகளுக்காக வாங்கிய கடன் அது. கடன் நிலுவையில் விழுந்தது. பாங்கு நடவடிக்கை எடுத்தது. கடைசியில் இரு தரப்பும் பேசி, 3 கோடியே 56 லட்சம் ரூபாய்க்கு ஒரே தவணையில் கணக்கைத் தீர்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. கம்பெனி அந்தப் பணத்தைக் கட்டியது. இத்துடன் விவகாரம் முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. கணக்குத் தீர்ந்த பிறகும் அந்தக் கம்பெனியைப் பாக்கிதாரர் என்றே பாங்கு சிபிலுக்குத் தெரிவித்தது என்றும், அதனால் தொழிலில் நஷ்டமும் பெயர்க்கேடும் விளைந்தது என்றும் கம்பெனி முறையிட்டது. தேசிய நுகர்வோர் கமிஷன் அந்த முறையீட்டை ஏற்றது. 75 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும், பாக்கி இல்லை என்று சர்டிபிகேட்டும் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் உத்தரவு போட்டது.

பாங்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2025 பிப்ரவரி 28-ல் தீர்ப்பு வந்தது. கமிஷனின் உத்தரவு ரத்து! என்ன காரணம்? பாங்கு செய்தது சரி என்று கோர்ட்டு சொன்னதா? இல்லை. கம்பெனிக்கு நஷ்டம் இல்லை என்று சொன்னதா? அதுவும் இல்லை. லாபத்துக்காக, வணிக நோக்கத்துக்காக வாங்கிய கடன் இது. ஆகவே கம்பெனி "நுகர்வோர்" அல்ல. நுகர்வோர் சட்டத்தின் கீழ் வர முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

10 கோடி கடன் வாங்கும் கம்பெனிக்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை. அதற்கு வக்கீல் இருக்கிறார், வேறு கோர்ட்டுக்குப் போகவும் வசதி இருக்கிறது. ஆனால் அதே தீர்ப்பின் நிழல் யார் தலை மேல் விழுகிறது? 5 லட்சமோ 10 லட்சமோ வரம்பு வாங்கி வியாபாரம் செய்கிறவர் தலை மேல் விழுகிறது. சுயதொழில் செய்து அதனால் மட்டுமே பிழைக்கிறவரை வணிக நோக்கக்காரர் என்று தள்ளக் கூடாது என்று நுகர்வோர் சட்டத்திலேயே ஒரு விளக்கம் இருக்கிறது. உண்மைதான். ஆனால் இரண்டு கூலியாட்களும் ஒரு கூட்டாளியும் உள்ள வியாபாரி அந்த விளக்கத்துக்குள் அடங்குவாரா? அதை அவரேதான் வாதாடி நிலைநாட்ட வேண்டும். பாங்கின் வக்கீல் முதல் நாளே எழுந்து நின்று "இது வணிக நோக்கம்" என்பார். பொய் சொன்னது யார் என்ற விசாரணை ஆரம்பிக்கும் முன்பே, வாசலில் நிற்க உனக்கு உரிமை உண்டா என்ற விசாரணை வருஷக்கணக்கில் நடக்கும்.

சரி, சிவில் கோர்ட்டுக்குப் போகலாமே என்பார்கள். போகலாம். கோரும் தொகைக்கு ஏற்பக் கோர்ட்டுக் கட்டணத்தை முதலிலேயே கட்டிவிட்டுப் போக வேண்டும். தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏழரை என்று இருந்த இந்தக் கட்டணத்தை 2017-ல் நூற்றுக்கு 3 ஆகக் குறைத்தார்கள். குறைத்த பிறகும் 10 லட்சம் கேட்பவர் 30,000 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். பாங்கு கடன் நின்றுபோய்த் தவிக்கிறவர் இதற்கு எங்கே போவார்?

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. எழுத்து மூலமான அவதூறுக்கு வழக்குப் போட 1963-ஆம் வருஷக் காலவரையறைச் சட்டம் தருவது ஒரே வருஷம். அவதூறு வெளியான நாளிலிருந்து கணக்கு ஓடும். பொய்த் தகவல் ஏறியிருப்பதே பலருக்கு அடுத்த கடன் கேட்கப் போகும்போதுதான் தெரிகிறது. அதற்குள் வருஷம் ஓடியிருக்கும். ஒப்பந்தத்தை மீறியதற்கான நஷ்டஈடு என்று கேட்டால் மூன்று வருஷம் உண்டு. இதை அறிந்து வைத்திருக்கும் வியாபாரிகள் எத்தனை பேர்?

பழைய கோர்ட்டுகள் கண்ட உண்மை

வேடிக்கை என்னவென்றால், இந்த விஷயத்தில் சட்டம் ஒரு காலத்தில் இன்றைவிடத் தெளிவாகப் பேசியிருக்கிறது. அதுவும் முதலாளித்துவத்தின் தாயகமான இங்கிலாந்தில்.

1830-ல் மார்சட்டி என்ற வியாபாரியின் செக்கை அவருடைய பாங்கு தவறாகத் திருப்பி அனுப்பியது. மறுநாளே பணத்தைக் கொடுத்தும் விட்டது. நஷ்டம் இன்னதென்று காட்ட முடியாவிட்டாலும், வாக்கை மீறியதே தவறு என்று கோர்ட்டு சொல்லிற்று. ஆனால் பெயரளவுத் தொகைதான் கிடைத்தது. 1854-ல் ரோலின் வழக்கு வந்தது. இந்தத் தடவை கோர்ட்டு ஒரு படி மேலே போயிற்று. வியாபாரியின் செக்கை அநியாயமாகத் திருப்பினால் அவருடைய நாணயம் பாதிக்கப்பட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னாரிடம் இவ்வளவு வியாபாரம் போயிற்று என்று அவர் சாட்சி கொண்டுவரத் தேவையில்லை. ஜூரிகள் 500 பவுன் தரச் சொன்னார்கள். பிறகு அது 200 பவுனாகக் குறைக்கப்பட்டது. குறைந்தாலும் பெயரளவுத் தொகை அல்ல.

1940-ல் டேவிட்சன் என்பவருக்கும் பார்க்ளேஸ் பாங்குக்கும் நடந்த வழக்கு இன்னும் சுவையானது. அவர் பந்தயத் தொழில் நடத்துகிறவர். நிறுத்தச் சொல்லியிருந்த ஒரு செக்குக்குப் பாங்கு தவறாகப் பணம் கொடுத்தது. அதனால் கணக்கில் இருப்புக் குறைந்து போயிற்று. அடுத்து வந்த செக்கின் மேல் "போதுமான பணம் இல்லை" என்று எழுதித் திருப்பியது. செக்கின் தொகை எவ்வளவு? 2 பவுன் 15 ஷில்லிங் 8 பென்ஸ்! அவதூறுக்காகக் கோர்ட்டு தரச் சொன்ன தொகை 250 பவுன். அற்பத் தொகைக்கு ஏன் இவ்வளவு? கடைத்தெருவைக் கேளுங்கள், சொல்லும். பெரிய தொகை திரும்பினால், "ஏதோ பண முடை" என்பார்கள். 500 ரூபாய் செக் திரும்பினால், "இதற்கே வக்கில்லாமல் போய்விட்டானே" என்பார்கள். தொகை சிறுத்தால் அவமானம் பெருக்கும்.

நம் சென்னை ஹைகோர்ட்டும் இதே வழியில் நின்றது. நியூ சென்ட்ரல் ஹால் என்ற வியாபார ஸ்தாபனம், யுனைடெட் கமர்ஷியல் பாங்கின் மேல் தொடுத்த வழக்கு 1959-ஆம் வருஷத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. பிர்லாவின் முயற்சியில் 1943-ல் தொடங்கிய பாங்கு அது, 1969-ல்தான் தேசியமயமாயிற்று. செக்கை அநியாயமாகத் திருப்பினால், குறிப்பிட்ட நஷ்டத்தை நிரூபிக்காமலே வியாபாரி கணிசமான நஷ்டஈடு கேட்கலாம் என்பது அந்த வழக்கில் சொல்லப்பட்ட நியாயம். அதற்கு வேரான சட்டமும் நம்மிடம் உண்டு. 1881-ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 31-வது பிரிவு, கணக்கில் பணம் இருந்தும் செக்கைத் திருப்பும் பாங்கு, அதனால் விளைந்த நஷ்டத்தை ஈடு செய்ய வேண்டும் என்கிறது.

பிறகு வியாபாரி அல்லாதவரின் நாணயத்தையும் உலகம் மதிக்கத் தொடங்கிற்று. ஒரு சாதாரணக் குடிமகனுக்கும் கடன் பெறும் தகுதி முக்கியம்தான், ஆகவே வியாபாரிக்குள்ள அனுமானம் அவருக்கும் உண்டு என்று 1995-ல் இங்கிலாந்தின் அப்பீல் கோர்ட்டு சொல்லிற்று. 2010-ல் ஆஸ்திரேலியாவின் ஹைகோர்ட்டு வெஸ்ட்பாக் பாங்கின் மேல் தீர்ப்புச் சொன்னது. ஒரு சிறு வீட்டுத் தரகு நிறுவனத்தின் 30 செக்குகளை அந்தப் பாங்கு தவறாகத் திருப்பியிருந்தது. "எங்கள் கடமையைச் செய்தோம், கெட்ட எண்ணம் இல்லை" என்ற கவசம் பாங்குக்குக் கிடையாது என்று அங்கே முடிவாயிற்று. உலகம் முன்னே போகிறது. நாம் எங்கே போகிறோம்?

செக் ஒன்று திரும்பினால் நாலு பேருக்குத் தெரியும்

அந்தக் காலத்துப் பாங்கு செக்கின் மேல் ஒரு வரி எழுதித் திருப்பும். வாங்கியவருக்குத் தெரியும், அவருடைய பாங்குக்குத் தெரியும், தெருவில் நாலு பேருக்குத் தெரியும். அதற்கே 1854-ல் நூற்றுக்கணக்கான பவுன்.

இன்றைய நிலைமை என்ன? 2000-ல் சிபில் கம்பெனி தொடங்கப்பட்டது. 2005-ல் கடன் தகவல் கம்பெனிகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. கடன் தரும் ஸ்தாபனங்கள் எல்லாம் கடனாளியின் வரவு செலவை இந்தக் கம்பெனிகளுக்கு அனுப்பியாக வேண்டும். 2025 ஜனவரி முதல் குறைந்தது 15 நாளுக்கு ஒரு தடவை அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் பாங்கு விதித்தது. வத்தலக்குண்டில் ஒரு கிளையில் ஏறும் தவறு, திண்டுக்கல்லிலும் மதுரையிலும் பம்பாயிலும் எந்தப் பாங்கு கேட்டாலும் அதன் மேஜைக்கு வந்து நிற்கிறது. அந்தப் பொய்க்குச் சொந்தமாக ஒரு மதிப்பெண்ணும் உண்டு. மனிதனை நேரில் பார்க்காமல், அவன் கடையைப் பார்க்காமல், அந்த எண்ணைப் பார்த்து "முடியாது" என்கிறார்கள்.

பொய் பரவும் வேகம் ஆயிரம் மடங்கு ஆகிவிட்டது. நஷ்டஈடு? அதுதான் நாளொன்றுக்கு 100 ரூபாய்! தவறான தகவலைத் திருத்தக் கோரி மனுக் கொடுத்து 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் பாங்கு உத்தரவிட்டது. 2024 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தது. ஒன்றுமே இல்லாமல் இருந்ததற்கு இது மேல், மறுக்கவில்லை. ஆனால் இது எதற்கான பணம் என்று பாருங்கள். மனுவைத் தாமதப்படுத்தியதற்கான பணம் இது. பெயரைக் கெடுத்ததற்கான பணம் அல்ல. பொய் சொல்லிவிட்டு 29-வது நாளில் திருத்திக்கொண்டால் ஒரு காசும் தர வேண்டியதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நஷ்டத்தை எப்படி அளப்பது என்று தெரியவில்லை என்கிறார்கள். தெரியாமல் என்ன? பாங்குக்காரர்களுக்கு வட்டிக் கணக்குப் போடத் தெரியும்தானே!

உதாரணத்துக்கு ஒரு வியாபாரி. பாங்கில் அவருக்கு 10 லட்சம் வரம்பு. வருஷ வட்டி நூற்றுக்கு 12 என்று வைத்துக்கொள்வோம். அதாவது மாதம் 1 வட்டி. காப்பி அறுவடை நேரத்தில் தவறான தகவல் ஒன்று ஏறி, வரம்பு நிறுத்தப்படுகிறது. மலையிலிருந்து சரக்கு வந்து இறங்குகிறது. அவர் வெளியில் 3 வட்டிக்கு வாங்குகிறார். மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் வித்தியாசம். 10 லட்சத்துக்கு மாதம் 20,000 ரூபாய். மூன்று மாதத்தில் 60,000 ரூபாய். ரிசர்வ் பாங்கின் கணக்குப்படி அவருக்குக் கிடைப்பது எவ்வளவு? முதல் நாளே அவர் மனுக் கொடுத்திருந்தாலும், 90 நாளில் 30 போக மீதி 60 நாளுக்கு 6,000 ரூபாய்! பத்தில் ஒரு பங்கு. மீதி ஒன்பது பங்கைச் சுமப்பது யார்? அவர் கொஞ்சம் சுமப்பார். மலை விவசாயிக்குத் தரும் விலையில் கொஞ்சம் கழியும். சுமைத் தொழிலாளியின் கூலியில் கொஞ்சம் கழியும். பாங்கின் பொய்க்குக் கீழ்மலைக் குடியானவர் வட்டி கட்டுகிறார்.

இது நஷ்டத்தின் முதல் பகுதி. வட்டிக்குக்கூடப் பணம் கிடைக்காமல் வியாபாரமே குறைந்து போனால்? அதற்கும் அளவுகோல் இருக்கிறது. சென்ற வருஷம் அதே மாதங்களில் காட்டிய ஜி.எஸ்.டி. கணக்கு இருக்கிறது, இந்த வருஷக் கணக்கும் இருக்கிறது. மழையாலும் விலைச் சரிவாலும் ஏற்பட்ட குறைவைக் கழித்துவிட்டு, மிச்சக் குறைவில் வழக்கமான லாப வீதம் என்ன என்று பார்த்தால் தொகை வந்துவிடும். ஒரே சரக்குக்குக் கூடுதல் வட்டியையும் போன லாபத்தையும் சேர்த்துக் கேட்கக் கூடாது. அது நியாயமல்ல, கேட்டால் வழக்கும் நிற்காது.

மூன்றாவது பகுதிதான் முக்கியம். அது பெயர். ரசீது காட்ட முடியாத நஷ்டம் அது. சரக்குக் கொண்டுவராமல் அடுத்த கடைக்குப் போன விவசாயி, "உன் பேர் கெட்டது என்று கேள்விப்பட்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டா போவார்? ஒன்றும் சொல்லாமல்தான் போவார். அதனால்தான் பழைய கோர்ட்டுகள், "நிரூபிக்கத் தேவையில்லை, நஷ்டம் நேர்ந்தது என்றே கொள்வோம்" என்றன. இந்தப் பகுதிக்கும் கண்மூடித்தனமாகத் தொகை போட வேண்டியதில்லை. பொய் எத்தனை நாள் நின்றது? எத்தனை கடன் ஸ்தாபனங்கள் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கின? அந்தப் பட்டியல் அறிக்கையிலேயே இருக்கிறது. பாங்கு தானாகத் திருத்தியதா, தலையில் குட்டிய பிறகு திருத்தியதா? மன்னிப்புக் கேட்டதா, மழுப்பியதா? இந்த நாலு கேள்விக்கும் பதில் கிடைத்தால், நியாயமான ஒரு தொகைக்கு எந்த நீதிபதியும் வந்து சேரலாம்.

சமாதானங்களும் பதில்களும்

"இவ்வளவு தூரத்து நஷ்டத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று பாங்குகள் சொல்லும். 1872-ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவைக் காட்டும். நேரடியாக விளையாத, தூரத்து நஷ்டத்துக்கு ஈடு இல்லை என்பது அந்தப் பிரிவில் இருக்கிறது. ஆனால் அதே பிரிவு, ஒப்பந்தம் செய்தபோதே விளையும் என்று இரு தரப்புக்கும் தெரிந்திருந்த நஷ்டத்துக்கு ஈடு உண்டு என்றும் சொல்கிறது. வியாபாரியிடம் மாதாமாதம் இருப்புச் சரக்குக் கணக்கு வாங்குவது யார்? வருஷா வருஷம் லாப நஷ்டக் கணக்கு வாங்குவது யார்? அவரிடம் எத்தனை மூட்டை கிடக்கிறது என்று எண்ணிப் பார்த்துக் கடன் கொடுத்த பாங்கு, "எங்கள் பொய்யால் அவர் வியாபாரம் படுக்கும் என்று தெரியாது" என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

"இயந்திரத்தின் தவறு" என்பது இன்னொரு சமாதானம். இயந்திரத்தை வைத்தது யார்? ஆள் குறைப்புச் செய்து, நாலு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டி, அதன் லாபத்தை வரவு வைத்துக்கொண்டவர்கள், அதன் தவறை மட்டும் ஏன் வாடிக்கையாளர் கணக்கில் எழுதுகிறார்கள்? இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவைப் பலியாக்கிவிட்டு நிர்வாகம் தப்பித்துக்கொள்வது பரிகாரமல்ல. நஷ்டஈடு ஸ்தாபனத்தின் பொறுப்பு.

"இது மக்கள் பணம், நஷ்டஈடு என்று வாரிக் கொடுத்தால் மக்களுக்குத்தானே நஷ்டம்?" என்பது மூன்றாவது சமாதானம். மக்கள் பணத்தின் மேல் இந்தக் கரிசனம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். 2014-15 முதல் 2023-24 வரை 10 நிதி வருஷங்களில் பாங்குகள் கணக்கிலிருந்து தள்ளி எழுதிய கடன் 16.35 லட்சம் கோடி ரூபாய் என்று சர்க்காரே பார்லிமெண்டில் சொல்லியிருக்கிறது. தள்ளி எழுதியதுதான், தள்ளுபடி அல்ல, வசூல் முயற்சி தொடரும் என்கிறது சர்க்கார். அப்படியே இருக்கட்டும். இத்தனை லட்சம் கோடியைத் தள்ளி எழுதத் தெரிந்தவர்களுக்கு, ஒரு வியாபாரிக்குத் தர வேண்டிய 60,000 ரூபாய்தான் பாரமாகிவிட்டதா?

பெரியவர் பெயருக்கு உறை, சின்னவர் பெயருக்கு ஊர்வலம்

பெயர் விஷயத்தில் பாங்குகளுக்கு இரண்டு நீதி உண்டு. பாங்குகளைப் பற்றித் தன்னிடம் உள்ள தகவல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது, ரிசர்வ் பாங்கு என்ன சொன்னது? பாங்குகள் நம்பிக்கையின் பேரில் தந்த ரகசியம், வெளியிட முடியாது என்றது. 2015 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அந்த வாதத்தைத் தள்ளிற்று. 2016-ல் 500 கோடிக்கு மேல் பாக்கி வைத்த கம்பெனிகளின் பட்டியலைக் கோர்ட்டு கேட்டபோது, மூடி முத்திரையிட்ட உறையில் வைத்துக் கொடுத்தார்கள். கோடிகளை ஏப்பம் விட்டவர் பெயருக்கு உறை! 10 லட்சம் வாங்கி ஒழுங்காகக் கட்டியவர் பெயர் தவறாக ஏறினால், அதற்கு உறையும் இல்லை, திரையும் இல்லை.

2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு, ஒரு கடன் கணக்கை மோசடி என்று முத்திரை குத்தும் முன் கடனாளியின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்று ஸ்டேட் பாங்கு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. நல்ல தீர்ப்பு. அந்த நியாயம் கீழே இறங்கி வர வேண்டாமா? இன்று சின்னக் கடனாளிக்குத் தகவல் அனுப்பும்போது போனில் ஒரு செய்தி வருகிறது. அது பெயர் கெடும் நேரத்தில் வரும் தந்தி. விளக்கம் கேட்கும் நோட்டீஸ் அல்ல.

செக் விஷயத்திலும் இதே கதைதான். 1989 முதல், பணமில்லாமல் செக் கொடுத்தவர் குற்றவாளி. இரண்டு வருஷம் வரை சிறை, செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. பணம் இருந்தும் செக்கைத் திருப்பிய பாங்குக்கு என்ன? பெரும்பாலும் ஒரு வரிக் கடிதம்: "அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்." ஒரே செக். ஏழையின் தவறுக்குச் சிறை. பாங்கின் தவறுக்கு வருத்தம்.

என்ன வேண்டும்?

கோரிக்கைகள் சிக்கலானவை அல்ல.

1. தவறான தகவலைக் கடன் தகவல் கம்பெனிக்கு அனுப்பினாலோ, பணம் இருக்கச் செக்கைத் திருப்பினாலோ, நாணயத்துக்குப் பங்கம் நேர்ந்தது என்றே கொள்ள வேண்டும். நஷ்டம் இல்லை என்று காட்டும் பொறுப்பு பாங்கினுடையது. சென்னையில் செக்குக்குச் சொன்ன நியாயத்தைச் சட்டத்தில் எழுதி, சிபில் தகவலுக்கும் விரிவாக்க வேண்டும்.

2. சிறு வியாபாரிக்கும் சிறு தொழிலுக்கும் நுகர்வோர் கோர்ட்டின் கதவைத் திறக்க வேண்டும். பாங்கு சொன்ன பொய்யைப் பற்றிய வழக்கில், கடன் எந்த நோக்கத்துக்கு வாங்கியது என்ற கேள்விக்கு இடமில்லை என்று சட்டத்தைத் திருத்த வேண்டும்.

3. நாளொன்றுக்கு 100 ரூபாய் என்ற தொகை, தாமதத்துக்கான அபராதம் மட்டுமே என்று தெளிவாக்க வேண்டும். உண்மையான நஷ்டத்துக்கும் பெயர்க்கேட்டுக்கும் அது ஈடாகாது.

4. பாக்கிதாரர் என்று தகவல் அனுப்பும் முன், மறுப்புச் சொல்ல அவகாசம் தந்து நோட்டீஸ் தர வேண்டும். தவறு நேர்ந்தால், அந்த அறிக்கையை வாங்கிய ஒவ்வொரு ஸ்தாபனத்துக்கும் பாங்கே தன் செலவில் திருத்தம் அனுப்ப வேண்டும்.

5. அவதூறு வழக்கின் ஒரு வருஷக் கெடு, தகவல் சம்பந்தப்பட்டவருக்குத் தெரியவந்த நாளிலிருந்து ஓட வேண்டும்.

சட்டம் திருந்தும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கணக்கைத் தீர்த்தவுடன் பாக்கி இல்லை என்ற சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்குங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை இலவசமாகக் கிடைக்கும் உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். தவறு இருந்தால் வாய்ப் பேச்சாக விடாமல், எழுத்தில் கொடுத்துத் தேதியிட்ட ரசீது வாங்குங்கள். வரம்பு நின்ற நாளிலிருந்து வெளியில் வாங்கிய கடனுக்கும் வட்டிக்கும் கணக்கு வையுங்கள். ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் மனுக் கொடுக்கலாம். விளைந்த நஷ்டத்துக்கு 20 லட்சம் வரையிலும், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் 1 லட்சம் வரையிலும் தரச் சொல்லும் அதிகாரத்தை 2021-ஆம் வருஷத் திட்டமே அவருக்குத் தந்தது. தனியாகப் போகிறவரை அலைக்கழிப்பார்கள். வியாபாரிகள் சங்கம் கூடப் போனால் நாற்காலி போடுவார்கள். பாங்கு ஊழியர் சங்கங்களும் இதில் வியாபாரிகளோடு நிற்க வேண்டும். ஆள் பற்றாக்குறையால் விளையும் தவறுக்கு இருவருமே பலியாகிறார்கள்.

14 பாங்குகளை 1969-ல் தேசியமயமாக்கியபோது நாட்டு மக்கள் வரவேற்றார்கள். அதுவரை பாங்கின் படி ஏறாத சின்ன மனிதனுக்கும் இனி அங்கே மரியாதை கிடைக்கும் என்ற நம்பிக்கை அதற்குக் காரணம். மரியாதை என்றால் கடன் தருவது மட்டுமல்ல. அவன் பெயரைப் பொய்யாகக் கெடுக்காமல் இருப்பதும், கெடுத்தால் முழு விலையைக் கொடுப்பதும்தான் மரியாதை. காசாக இருக்கும் நாணயத்துக்குப் பைசா சுத்தமாக வட்டி கணக்கிடும் பாங்குகள், குணமாக இருக்கும் நாணயத்துக்கும் அதே சுத்தத்தோடு கணக்குச் சொல்லட்டும்!